குட்டையன் என்னும் கட்டில்

அத்தியாயம் பதினொன்று

மெரில் ஷிர்மர் என்பது அவள் பெயர், வயது ஐம்பத்தெட்டு. அளவு நாடா இல்லாமல் அவளைக் கண்டவர் அடிலெய்டு நகரத்தில் எவரும் இலர். தேவாலயத்துக்குப் போனாலும் சரி, பல் மருத்துவரிடம் போனாலும் சரி, மேலங்கியின் வலப்பக்கப் பையில் அந்த எஃகுச் சுருள் கனத்துக் கிடக்கும். உணவகத்துக்குச் சென்றால் மேசையின் அகலத்தை அளந்த பிறகே உணவுப் பட்டியலைக் கையில் எடுப்பாள். அவளுடைய தங்கையின் கணவன் ரஸ்ஸல் அவளைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. "நாடாக்காரி" என்பான்.

இன்னொரு வழக்கமும் அவளுக்கு உண்டு. தான் அலங்கரித்த வீட்டில் அவள் உட்காரவே மாட்டாள். உட்கார்ந்தால் மெத்தையில் பள்ளம் விழும். பள்ளத்தைக் கண்டால், இங்கே யாரோ வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்க்க வருபவனுக்குத் தோன்றிவிடும். தானே வாழப் போகிறோம் என்றல்லவா அவனுக்குத் தோன்ற வேண்டும் என்று காரணம் சொல்வாள். நாள் முழுதும் வேலை செய்தாலும் நின்றபடியே தேநீர் அருந்துவாள்.

விற்கப் போகும் வீடுகளை ஆறு வார காலத்துக்கு அழகுபடுத்தித் தருவது அவளுடைய தொழில். சோபா முதல் சமையலறை மேடைமேல் வைக்கும் எலுமிச்சம்பழக் கிண்ணம் வரை எல்லாம் அவளுடைய லாரியில் வரும். வீடு விற்ற பின் அதே லாரியில் திரும்பிப் போகும். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, அடுத்த வீட்டுக்காரரின் காலி வீட்டைத் தன் சொந்த நாற்காலிகளால் நிரப்பிக் கொடுத்ததில் தொடங்கியது அது. இன்று 'ஷிர்மர் அண்ட் டாட்டர்' என்ற பெயர் துறைமுகப் பக்கத்து வீட்டு முகவர்கள் எல்லாரும் அறிந்த பெயர். டாட்டர் என்பது அவள் மகள் டெஸ். மெரிலின் கணவன் இறந்தபின் தாயும் மகளுமாகவே அதை நடத்தி வருகிறார்கள்.

செமஃபோர் கடற்கரைத் தெருவில் இருந்த அந்தச் செங்கல் வீட்டை, இரண்டு வாரங்களுக்கு முன் நடந்த ஏலத்தில் மெரிலின் தங்கை ஹெலன் எடுத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரஸ்ஸலுக்கு வந்திருப்பது தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்யும் நோய். குன்றின்மேல் இருந்த தங்கள் மாடி வீட்டை விற்றுவிட்டு, படி இல்லாத வீடு ஒன்றைத் தேடி அவர்கள் ஐந்து மாதங்கள் அலைந்தார்கள். கடைசியில் கிடைத்த வீடு, மெரில் அலங்கரித்த வீடாகவே அமைந்தது.

ஏலத்தில் எடுத்த வீட்டைத் திருப்பித் தருவதற்கில்லை. சுத்தியல் விழுந்தால் விழுந்ததுதான்.

சுத்தியல் விழுந்ததிலிருந்து மெரில் சரியாக உறங்கவில்லை. அதற்குக் காரணம், அவ்வீட்டின் பின்னறையில் கிடந்த ஒரு கட்டில்.

அந்தக் கட்டிலுக்கு 'குட்டையன்' என்று பெயர். பெயர் வைத்தவள் டெஸ். பார்வைக்கு அது சாதாரண இரட்டைக் கட்டில். உண்மையில் நீளத்தில் இருபத்தைந்து சென்டிமீட்டரும் அகலத்தில் முப்பது சென்டிமீட்டரும் குறைத்து, போர்ட் அடிலெய்டில் உள்ள ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்வித்தது. தலைமாட்டில் இரண்டு வரிசைத் தலையணைகள், கால்மாட்டில் மடித்துப் போட்ட கம்பளி, இரு பக்கமும் மெல்லிய கால்களுள்ள சிறு மேசைகள். அவ்வளவையும் வைத்த பிறகு, சிறிய அறை பெரிய அறையாகத் தோன்றும். கண்ணுக்குக் கட்டில்தான் அளவுகோல். அளவுகோலைக் குறைத்துவிட்டால் அறை தானாக வளர்ந்துவிடும் என்பது மெரில் கண்டுபிடித்த கணக்கு. "சின்னத் தட்டுல வச்சா கேக் துண்டு பெருசாத் தெரியும். அதுக்காக அது பொய்யா?" என்று டெஸ்ஸிடம் ஒரு முறை கேட்டிருக்கிறாள். இந்த இரகசியத்தைத் தாயும் மகளும் தவிர வேறு யாரும் அறியார். ஹெலனுக்கும் சொன்னதில்லை.

ஏலத்துக்கு முந்தின நாள் ஹெலன் தொலைபேசியில் அழைத்தாள். அப்போது மெரில், நார்வுட்டில் ஒரு வீட்டில் ஏணிமேல் நின்று திரைச்சீலைக் கம்பியை மாட்டிக்கொண்டிருந்தாள். பின்னறையில் ரஸ்ஸலின் கட்டிலையும் போட்டு, சக்கர நாற்காலியும் திரும்ப இடம் இருக்குமா என்று தங்கை கேட்டாள். தன் கண்ணுக்குத் தாராளமாகத்தான் தெரிந்தது என்றும் சொன்னாள்.

"நீதான் நேர்ல பாத்தியே, ஹெல். நல்ல வீடு" என்றாள் மெரில்.

அச்சொற்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கம்பியை மாட்டிவிட்டுக் கீழே இறங்கிய பிறகே குட்டையனின் நினைவு வந்தது. பையிலிருந்து தொலைபேசியை எடுத்தாள். எடுத்ததைத் திரும்பப் போட்டாள். ஏலத்தில் அவர்களுக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று தோன்றியது. வீட்டை விற்பவரல்லவா தனக்குக் கூலி தருபவர், வாங்குபவரிடம் போய் இதைச் சொல்வது முறையாகுமா என்றும் தோன்றியது. செய்யத் தகாததைச் செய்யத் துணிந்த மனத்துக்குத் துணை வரும் நியாயங்களுக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை.

மறுநாள் பகலில் ஹெலன் மீண்டும் அழைத்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும், வீடு கிடைத்துவிட்டது என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு லாரி அவ்வீட்டு வாசலில் நின்றது. பொருள்களைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும் நாள் அது. பதினொரு மணிக்கு ஹெலனும் ரஸ்ஸலும் வருவதாக இருந்தார்கள். ரஸ்ஸலின் படுக்கையை எங்கே போடலாம், கைப்பிடிகளை எங்கே பொருத்தலாம் என்று பார்த்துச் சொல்ல மருத்துவமனையிலிருந்து ஜோஆன் என்ற பெண்ணும் வருவதாக ஏற்பாடு. அதற்குள் வீடு காலியாகிவிட வேண்டும் என்பது மெரிலின் திட்டம்.

அவள் நேரே பின்னறைக்குப் போய்த் தலையணைகளை உருவத் தொடங்கினாள்.

டெஸ் நிலைப்படியில் வந்து நின்றாள். "கட்டில் கடைசியாம்மா. நார்வுட் வீட்டுல அதுதானே முதல்ல இறங்கணும்? முதல்ல இறங்கறது கடைசில ஏறணும்னு நீதானே மூச்சுக்கு மூச்சு சொல்லுவ?"

இன்று ஒரு நாள் அது முதலில் ஏறட்டும் என்றாள் மெரில். டெஸ் நகரவில்லை. தாயின் முகத்தையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஹெலன் ஆன்ட்டிகிட்ட நீ சொல்லலையா?"

மெரில் ஒரு தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஏணிமேல் நின்றபடி தான் சொன்ன விடையையும், எடுத்து மீண்டும் பையில் போட்ட தொலைபேசியையும் ஒன்றுவிடாமல் மகளிடம் சொன்னாள். சொல்லும்போது தலையணை உறையின் ஓரத்தை விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டே இருந்தாள்.

டெஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் மெரிலுக்குச் சற்று இலகுவாக இருந்திருக்கும். "சரி, அந்தப் பக்கத்தைப் பிடி" என்று மட்டும் சொன்னாள்.

கட்டிலின் திருகாணிகளைக் கழற்றும் திருகுசாவியை எடுத்துவர டெஸ் லாரிக்குப் போன அந்த நேரத்தில், வாசலில் கார்க் கதவு சாத்தும் ஓசை கேட்டது. அதைத் தொடர்ந்து ரஸ்ஸலின் குரல் கேட்டது. ஜோஆனுக்கு மதியம் வேறு வேலை வந்துவிட்டதால், எல்லாரும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் முன்னதாகவே புறப்பட்டு வந்துவிட்டார்கள்.

*

ரஸ்ஸல் ஆறடி மூன்றங்குல உயரம். முப்பத்தொரு ஆண்டுகள் துறைமுகத்து இழுவைப்படகுகளில் இயந்திரம் பார்த்தவன். இப்போது சக்கரம் வைத்த நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, காலை எடுத்து வைப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் அதனிடம் அனுமதி கேட்பவன்போல நடக்கிறான். கழுத்தில் போர்ட் கால்பந்து அணியின் கறுப்பு வெள்ளைத் துண்டு. வீட்டை அவன் படங்களில்தான் பார்த்திருந்தான். வாங்க நினைப்பவர்கள் பார்ப்பதற்காக வீட்டைத் திறந்துவிட்ட சனிக்கிழமையன்று நெரிசலுக்கு அஞ்சிக் காரிலேயே இருந்துவிட்டான்.

"நாடாக்காரி, வீட்டையே லாரில ஏத்தறியே. சுவராவது விட்டுட்டுப் போவியா?" என்றான்.

ஹெலன் தமக்கையைக் கட்டிக்கொண்டாள். செடிப் பண்ணையில் வேலை பார்ப்பவள் அவள். எந்நேரமும் நகக்கண்ணில் மண் இருக்கும். கூடத்தில் நின்று ஜோஆனிடம், இது என் அக்கா செய்த வீடு, அதனால்தான் ஏலத்தில் கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கினேன் என்று பெருமையாகச் சொன்னாள். மெரில் எலுமிச்சம்பழங்களைப் பெட்டியில் அடுக்குவதற்குக் குனிந்துகொண்டாள்.

ஜோஆனும் ஹெலனும் முதலில் குளியலறைக்குப் போனார்கள். ரஸ்ஸல் தாழ்வாரத்தின் வழியே மெல்ல மெல்லப் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். அவ்வளவு தூர நடைக்கே அவனுக்கு மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் சாஞ்சுக்கட்டுமா? உன் படுக்கை கசங்கிடும்னு அழமாட்டியே?"

வேண்டாம் என்று சொல்ல மெரிலுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தோளைப் பிடித்து அவனை உட்கார வைத்தாள். கால்கள் இரண்டையும் தூக்கிப் படுக்கைமேல் வைத்தாள். வைத்த கால்கள் படுக்கைமேல் நிற்கவில்லை. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் அளவு, கட்டிலின் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றன.

ரஸ்ஸல் தன் காலுறைகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"படகுல நான் படுத்த பலகைகூட இதைவிட நீளம்" என்றான் கடைசியில். "இது உன்னோட கட்டில்தானே?"

"ஆமா."

"அளவு சொல்லிச் செஞ்சதா?"

"ஆமா, ரஸ்ஸல்."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. இயந்திரம் பார்த்தவனுக்கு மேலும் விளக்கம் தேவைப்படவில்லை. தலையைத் திருப்பி இந்தச் சுவரையும் அந்தச் சுவரையும் ஒரு முறை பார்த்தான், அவ்வளவே.

*

ஜோஆன் உள்ளே வந்ததும், ரஸ்ஸலை எழுப்பி நடைச்சட்டத்தின் இருக்கையில் அமர வைத்துவிட்டு, கட்டிலைச் சன்னலோரமாகத் தள்ளச் சொன்னாள். தன் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். பிறகு மெரிலின் பக்கம் திரும்பினாள்.

"இந்த முனையை அந்தச் சுவத்துல வச்சுப் பிடிச்சுக்கறீங்களா?"

மெரில் மண்டியிட்டு, நாடாவின் முனையைச் சுவரோரப் பலகையில் அழுத்திப் பிடித்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் ஆயிரம் முறை செய்த வேலை. அன்று அவள் நாடாவைப் பார்க்காமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு தொண்ணூறு" என்று ஜோஆன் எழுதிக்கொண்டாள். மருத்துவமனைக் கட்டிலுக்கு ஒரு மீட்டர், நோயாளியைத் தூக்கிவிடும் பொறியும் நாற்காலியும் திரும்ப ஒரு பக்கம் ஒன்றரை மீட்டர், உதவிக்கு நிற்பவருக்கு மறுபக்கம் எழுபது சென்டிமீட்டர். ஆக மூன்று மீட்டர் இருபது வேண்டும். முப்பது சென்டிமீட்டர் குறைகிறது.

"திரும்ப அளங்க" என்றாள் ஹெலன். "அன்னிக்கு நான் இந்தக் கட்டிலை ரெண்டு பக்கமும் சுத்தி வந்தேன். கை வீசி நடந்தேன்."

திரும்ப அளந்தார்கள். செங்கற்சுவர் ஒரு சென்டிமீட்டர்கூட நகரவில்லை.

ஜோஆன் நல்ல பெண். சொல்ல வேண்டியதை மறைக்காமல், ஆனால் தணிவாகச் சொன்னாள். இன்னும் சில மாதங்களுக்கு இந்த அறையிலேயே சமாளிக்கலாம். ரஸ்ஸலால் நிற்க முடிகிறவரை அது போதும். நிற்க முடியாத நாள் வந்தால் தூக்கும் பொறி இல்லாமல் ஆகாது. மற்ற அறை இதைவிடச் சிறியது. குளியலறைச் சுவரை இடிக்கலாமென்றால் அதுதான் கூரையைத் தாங்குகிறது. மிஞ்சுவது முன்கூடம், அதற்குக் கதவில்லை, சமையலறையோடு சேர்ந்து திறந்து கிடக்கிறது.

"வர்றவன் போறவனெல்லாம் என் முகத்தைப் பாத்துக்கிட்டே ரொட்டி வாட்டணுமா?" என்றான் ரஸ்ஸல்.

அப்படியானால் வசந்த காலத்துக்குள் பராமரிப்பு இல்லம் ஒன்றில் பெயர் கொடுத்து வைப்பது நல்லது என்றாள் ஜோஆன். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஹெலன் ஐந்து மாதங்கள் அலைந்தாள். ரஸ்ஸலைக் கடைசிவரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பேன் என்று அவனுக்குக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான்.

ஹெலன் அழவில்லை. கட்டிலின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றாள்.

"என் கண்ணுலதான் தப்பு" என்றாள். "கூட்டத்துல சரியாவே பாக்கல. ஒரு நாடாவை எடுத்துட்டுப் போய் அளந்திருக்கலாம். இவ தங்கச்சின்னு பேரு எனக்கு."

வாயைத் திறக்க வேண்டிய இடம் அதுவே என்பதை மெரில் அறிவாள். ஜோஆன் புறப்பட ஆயத்தமானாள். அவளை வழியனுப்பவும், காரிலிருந்த, பழக்கூழும் பாலாடையும் வைத்த கிச்சனர் பன் பொட்டலத்தை எடுத்துவரவும் ஹெலன் வெளியே போனாள். திறக்க வேண்டிய வாய் திறக்காமலே இருந்தது.

*

அறையில் ரஸ்ஸலும் மெரிலும் மட்டும் இருந்தார்கள்.

சொல்லிவிடுகிறேன் என்று மெரில் தொடங்கினாள். அவன் கையை உயர்த்தித் தடுத்தான். கை முழுவதும் உயரவில்லை. மடியிலிருந்து சற்றே எழும்பித் திரும்ப விழுந்தது.

"சொல்லாதே."

"ரஸ்ஸல், அவ என்னைக் கேட்டா. ஏலத்துக்கு முந்தின நாளே கேட்டா. எனக்குத் தெரியும், நான் சொல்லல."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. கட்டில் ஒரு தொழில் தந்திரம் என்று மட்டும் எண்ணியிருந்தான் போலும். அவன் கோபிப்பான் என்று மெரில் காத்து நின்றாள்.

"அப்படின்னா இன்னும் சொல்லாதே" என்றான். "இப்போ அவ தன் கண்ணை நொந்துக்கறா. அது பத்து நாள்ல ஆறிடும். உன்னை வெறுத்துட்டா ஆறாது. அவளைத்தான் உனக்குத் தெரியுமே, உங்கப்பாகிட்டயே ஆறு வருஷம் பேசாம இருந்தவ. நான் போனப்புறம் அவளுக்கு யாரு இருக்கா மெரில்? பிள்ளையா குட்டியா? நீ ஒருத்திதான். நான் அவளை உன்கிட்டதான் விட்டுட்டுப் போறேன். அதைக் கெடுத்துடாதே."

நாடாக்காரி என்று சொல்லாமல் அவன் பெயர் சொல்லி அழைத்தது, அவள் நினைவில் இது இரண்டாவது முறை. முதல் முறை, அவள் கணவனை அடக்கம் செய்த அன்று.

பதில் சொல்வதற்குள் ஹெலன் வந்துவிட்டாள். மேசை நாற்காலி ஒன்றும் மிஞ்சாத சமையலறையில், மேடையைச் சுற்றி நின்றுகொண்டு நால்வரும் பன் தின்றார்கள். சர்க்கரையும் பழக்கூழும் விரலில் ஒட்டின. ரஸ்ஸலின் மூக்கில் ஒட்டிய பாலாடையை டெஸ் துடைத்துவிட்டாள். அவன் போர்ட் அணியின் சென்ற வாரத் தோல்வியைப் பற்றி, காலை வாரத்தான் வீரர்களுக்குச் சம்பளமோ என்று ஏதோ ஏசிக்கொண்டிருந்தான். யாரும் பேசாமல் இருந்துவிடக் கூடாதே என்பதற்காகப் பேசுகிறான் என்பது மெரிலுக்கு விளங்கியது.

விரலை நக்கியபடி ஹெலன் கேட்டாள்:

"மெரி, அந்தக் கட்டிலை எனக்கு விட்டுட்டுப் போறியா? எவ்வளவு நாள் இங்க இருக்கப் போறோமோ, இவரு பக்கத்துலயே போட்டுக்கறேன். அன்னிக்கு அதைப் பாத்தப்பதான், இந்த வீட்டுல நிம்மதியாத் தூங்கலாம்னு எனக்குத் தோணிச்சு."

மெரில் கையிலிருந்த பன்னை மேடைமேல் வைத்தாள். அது நார்வுட்டுக்குப் போக வேண்டியது என்று டெஸ்தான் பதில் சொன்னாள். ஹெலன், பரவாயில்லை, சும்மா கேட்டேன் என்று தமக்கையின் கன்னத்தில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டாள்.

அவர்கள் கார் தெருமுனை திரும்பும்வரை மெரில் வாசலிலேயே நின்றாள்.

*

மதியம் மூன்று மணிக்கு, கட்டில் ஒன்று நீங்கலாக எல்லாம் லாரியில் ஏறியாயிற்று. வெற்று வீட்டில் காலடி ஓசை பெரிதாகக் கேட்டது. ரஸ்ஸல் சொன்னதைச் சாமான் ஏற்றும்போதே மெரில் மகளிடம் சொல்லியிருந்தாள். டெஸ் சன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்து, தண்ணீர்ப் புட்டியைத் திறந்தாள்.

காலையிலிருந்து யோசித்து வைத்திருந்ததை அவள் அப்போது சொன்னாள். லார்க்ஸ் பே என்னும் கடலோரப் பகுதியில் உள்ள தங்கள் சொந்த வீட்டின் முன்னறை ஐந்து மீட்டர் அகலம். சோபாக்கள் போய்வருவதற்காக அதன் கதவையும் அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். உள்ளே நிற்பவையெல்லாம் மாதிரிக்கு வைத்த சாமான்கள்; அவற்றைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டால் ரஸ்ஸலின் கட்டில், பொறி, நாற்காலி, ஹெலனின் படுக்கை அத்தனையும் கொள்ளும். படி இல்லை. சன்னலைத் திறந்தால் கடல். இந்த வீட்டை அவர்கள் வாடகைக்கு விட்டுவிட்டு அங்கே வந்து இருக்கட்டும்.

"குட்டையனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வேணாம்மா. ரஸ்ஸல் அங்கிளும் இல்லத்துக்குப் போக வேணாம். ஹெலன் ஆன்ட்டியும் உடைஞ்சு போக மாட்டாங்க. யாருக்கு என்ன நஷ்டம்?"

மெரில் மகளை வியந்து பார்த்தாள். அந்த வழி அவளுக்குத் தோன்றவே இல்லை. கேட்ட அக்கணமே அவள் மனம் முன்னறையைக் காலி செய்யத் தொடங்கிவிட்டது. ரஸ்ஸலின் தலைமாடு கிழக்கே. அப்போதுதான் படுத்தபடியே கடலையும் உள்ளே வரும் கப்பல்களையும் பார்க்கலாம். ஹெலனின் படுக்கை கைக்கெட்டும் தூரத்தில். பழுப்பு நிறத் திரைச்சீலை வேண்டாம், நீலம். மூலையில் உயரமான விளக்கு. சன்னலடியில் சிறு மேசை, அதன்மேல் எலுமிச்சம்பழக் கிண்ணம்.

கிண்ணத்துக்கு வந்ததும் அவள் மனம் நின்றுவிட்டது.

ஹெலன் நன்றி சொல்வாள். அன்று மட்டுமல்ல, நாள்தோறும் சொல்வாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், இது என் அக்கா கொடுத்த அறை என்பாள். ரஸ்ஸலின் அடக்கத்தன்று மெரிலின் தோளில் சாய்ந்துகொண்டும் சொல்வாள். ஒவ்வொரு முறையும், மெரில் ஒரு தலையணையை எடுத்து இன்னொரு தலையணைக்கு முன்னால் வைத்து, பின்னால் இருப்பதை மறைக்க வேண்டும். அந்த அறையும் குட்டையன் கிடந்த அறையாகவே இருக்கும். அதைத்தான் மெரிலுக்கு நன்றாகச் செய்ய வருமே.

ரஸ்ஸல் சொன்னதும் பொய்யில்லை. தந்தையோடு ஆறு ஆண்டுகள் பேசாதிருந்தவள் ஹெலன். அவளைத் தமக்கை இழந்துவிடக்கூடும். ஹெலன் வீசி எறியக்கூடும், அந்த அறையையும் சேர்த்து.

மெரில் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். தச்சரிடமிருந்து வந்த நாளிலிருந்து அவள் அளக்காத பொருள் அந்தக் கட்டில் ஒன்றே. தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நாடாவை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மீட்டர் எழுபத்தெட்டு. நாடா சுருண்டு உள்ளே போகும் ஓசை வெற்றறையில் எதிரொலித்தது.

பிறகு அவள் கட்டிலின்மேல் உட்கார்ந்தாள். மெத்தையில் பள்ளம் விழுந்தது.

டெஸ் சன்னல் திண்டிலிருந்து இறங்கினாள். தாய் அலங்கரித்த வீட்டில் தாய் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. "என்னம்மா, முதுகு வலிக்குதா?" என்றாள்.

"இல்ல. நீ லாரியை எடுத்துக்கிட்டுக் கிளம்பு. கட்டில் இங்கயே இருக்கட்டும்."

"நார்வுட்டுக்கு?"

"முழுக் கட்டில் ஒண்ணு எடுத்துட்டுப் போ. அறை சின்னதாத் தெரிஞ்சாத் தெரியட்டும்."

டெஸ் தயங்கினாள். ரஸ்ஸல் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாரே என்றாள். இத்தனை நாள் காத்திருந்தாயே, முன்னறையையாவது முதலில் சொல்லிவிட்டு, ஹெலன் மனம் குளிர்ந்த பிறகு மற்றதைச் சொல்லலாமே என்றும் கேட்டாள்.

மெரில் தொலைபேசியை எடுத்தாள். இம்முறை அதைத் திரும்பப் பையில் போடவில்லை.

"அறை நாளைக்கும் இருக்கும், டெஸ். அவ வேணும்னு சொன்னாக் குடுக்கலாம். இப்போ ஹெலனைத் தனியா இங்க வரச் சொல்றேன். இந்தக் கட்டில்ல அவளைப் படுக்க வச்சு, என்ன செஞ்சேன்னு நானே சொல்லிடறேன்."